கால் எடுக்கப் போகிறார்கள் என்று தம்பியிடம் யார் சொல்வது?

கேள்வி:

சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். அப்பா இல்லை. அம்மா தோட்டத்து வேலைக்குப் போகிறார், நான் ஈப்போவில் தொழிற்சாலை வேலை. தம்பிக்கு 19 வயது, பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தான். பந்து விளையாடும்போது விழுந்து இடது முழங்காலுக்குக் கீழே வீங்கியது. நான்தான் இரண்டு மாதம் உருவுகிறவரிடம் கூட்டிப் போனேன். பிறகுதான் எலும்புப் புற்றுநோய், ஆஸ்டியோசார்கோமா என்றார்கள். ஆபரேஷனுக்கு முந்தைய கீமோ முடிந்துவிட்டது. கட்டி ரத்தக் குழாயைச் சுற்றிக்கொண்டிருப்பதால் முழங்காலுக்கு மேலே காலை எடுக்க வேண்டுமாம். இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. தம்பியிடம் 'கட்டியை எடுக்கப் போகிறார்கள்' என்று மட்டும் சொல்லியிருக்கிறோம். கண் விழித்த பிறகு தெரிந்தால் போதும் என்கிறார் அம்மா. சித்தப்பா வேறு ஊரில் ஒரு நாட்டு வைத்தியரைச் சொல்கிறார். எங்களுடையது பழைய லயத்து வீடு, கழிவறை பின்பக்கம் இரண்டு படி கீழே. என்ன தயார் செய்வது, அவனிடம் என்ன பேசுவது, அவனுடைய பந்து பூட்ஸை ஒளித்து வைக்கவா வேண்டாமா என்றுகூடத் தெரியவில்லை.

பதில் (மறுவாழ்வுச் சிகிச்சைப் பிரிவிலிருந்து):

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதம் முழுக்கத் தம்பியை 'அவன்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது அக்காவின் உரிமை. நான் 'அவர்' என்று எழுதுகிறேன், அதற்குக் காரணம் உண்டு. மலேசியாவில் 18 வயது நிறைந்தவர் சட்டப்படி பெரியவர். 1971ஆம் ஆண்டிலிருந்து அதுதான் சட்டம். ஆபரேஷன் சம்மதப் பாரத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் தம்பிதான், அம்மாவும் இல்லை, நீங்களும் இல்லை. எந்தக் கால், எந்த உயரத்தில் எடுக்கிறார்கள் என்பது அந்தப் பாரத்திலேயே இருக்கும். ஆபரேஷனுக்கு முன் டாக்டர் வந்து அந்தக் காலில் பேனாவால் அடையாளமும் போடுவார். அதனால் கண் விழித்த பிறகு தெரிந்துகொள்வது என்பது நடக்காத காரியம். நீங்கள் மறைத்தால் என்ன ஆகும் தெரியுமா? ஆபரேஷனுக்கு முந்தைய நாள் சாயங்காலம், பார்வையாளர் நேரம் முடிந்து நீங்கள் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு, அவர் இதுவரை பார்த்திராத ஓர் இளம் டாக்டர் பாரத்தை நீட்டி மலாயில் இரண்டு வரி சொல்வார். அப்படித் தெரியவருகிற இளைஞர் 'முடியாது' என்பார். ஆபரேஷன் தள்ளிப்போகும், கடைசிக் கீமோவுக்கும் ஆபரேஷனுக்கும் இடைவெளி நீளும். இந்த நோயில் அந்த இடைவெளி நல்லதில்லை.

ஆகவே இந்த வாரமே சொல்லுங்கள். அதற்கு முன், எலும்புப் பிரிவுக் கிளினிக்கை அழைத்து, டாக்டர் குடும்பத்தோடு உட்கார்ந்து பேச ஒரு நேரம் வாங்குங்கள். 'ஃபேமிலி மீட்டிங்' என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். அம்மாவுக்கு மலாய் தடுமாறும் என்றால் தமிழ் தெரிந்த தாதி ஒருவரைக் கூட வைக்கச் சொல்லுங்கள், அம்மாவுக்காகத் தம்பியையே மொழிபெயர்க்க வைத்துவிடாதீர்கள். தேதி கிடைத்ததும், அதற்கு ஓரிரு நாள் முன்பு வீட்டில் நீங்கள் சொல்லலாம். காலை நேரம் நல்லது. ராத்திரி சொன்னால் விடிகிற வரைக்கும் அவர் தனியாகக் கிடப்பார்.

சொல்வது நாலு வாக்கியத்துக்கு மேல் போக வேண்டாம். "தம்பி, கட்டி ரத்தக் கொழாய சுத்திக்கிட்டு இருக்குன்னு டாக்டர் சொல்றாரு. கால வச்சிக்கிட்டு கட்டிய முழுசா எடுக்க முடியாதாம், முட்டிக்கு மேல எடுக்கணுமாம். நாங்க முன்னயே சொல்லியிருக்கணும், பயந்துட்டோம். வெள்ளிக்கிழமை நீயே அவர்கிட்ட எல்லாத்தையும் கேளு, நாங்க கூட வர்றோம்." இவ்வளவுதான். பிறகு பேசாமல் இருங்கள். அந்த மௌனத்தை நிரப்பத்தான் நாம் தப்பான வார்த்தைகளை எடுத்துப் போடுகிறோம். அவர் எழுந்து வெளியே போனால் பின்னாலேயே ஓட வேண்டாம், மோட்டார் சைக்கிள் சாவியை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டி அரித்த எலும்பு சின்ன இடறலுக்கே முறியும். அதனால் ஆபரேஷன் வரைக்கும் இடது காலில் எடை வைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டு, அவர் சொன்னபடியே நடக்க வேண்டும்.

உருவியது பற்றி. உருவுவதால் எலும்புப் புற்றுநோய் வருவதில்லை. பதின்வயதில், வளர்ச்சி வேகமாக இருக்கும் முழங்கால் பக்கம்தான் இது அதிகம் தோன்றும். அந்த வயதில் எல்லோரும் ஓடி ஆடுகிறவர்கள்தான், ஆகவே வலியை அடிபட்டதோடு முடிச்சுப் போடுவது எல்லா வீட்டிலும் நடப்பது, சில சமயம் கிளினிக்கிலும் நடப்பது. இனிமேல் அந்தக் காலை யாரும் உருவவோ கட்டுப் போடவோ கூடாது. சித்தப்பா சொல்கிற வைத்தியருக்கும் அதே பதில்தான். அவரிடம் சண்டை போடத் தேவையில்லை. "கீமோ மருந்து சிறுநீரகம் வழியா வெளியேறணும், வேற எது குடுத்தாலும் அது தடுக்கும்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்று சொல்லிவிடுங்கள். பொய்யில்லை. சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. மெத்தோட்ரெக்சேட் என்ற இன்னொரு கீமோ மருந்து அதிக அளவில் கொடுக்கப்பட்டால், அது சரியாக வெளியேறாதபோது வாய்ப்புண்ணிலிருந்து ரத்த அணுக்கள் வரை எல்லாம் பாதிக்கப்படும். பூனைமீசை இலைக் கஷாயம், கடையில் வாங்கும் வலி மாத்திரை இரண்டும் இதில் அடக்கம்.

டாக்டரிடம் உட்காரும் நாளில் தம்பி கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: காலைக் காப்பாற்றும் ஆபரேஷன் ஏன் எனக்குச் சரிவராது? இந்த நோய்க்கு இன்று பெரும்பாலோருக்கு எலும்பை மட்டும் எடுத்து உள்ளே உலோகம் பொருத்துகிறார்கள். முழங்காலுக்குப் பின்னால் ஓடும் பெரிய ரத்தக் குழாயும் நரம்பும் கட்டிக்குள் மாட்டியிருந்தால் அது முடியாது, முயன்றால் கட்டியின் ஓரம் உள்ளேயே தங்கிவிடும். ஸ்கேன் படத்தில் அந்த இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். கண்ணால் பார்த்தவருக்கு மனம் ஆறாவிட்டாலும் சந்தேகம் தீரும். இன்னொரு டாக்டரின் கருத்து வேண்டுமென்றால் கேட்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை போல எலும்புக் கட்டிகளைத் தனியாகப் பார்க்கும் இடத்துக்குக் கடிதமும் எம்.ஆர்.ஐ. வட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு கருத்து, ஒரு வாரத்துக்குள். நாலு பேரிடம் கேட்டுக்கொண்டே மாதம் கடத்துவது வேறு விஷயம்.

அம்மா கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்றையும் நானே சொல்லிவிடுகிறேன். எடுத்த கால் என்ன ஆகும்? முதலில் அது பரிசோதனைக் கூடத்துக்குப் போகும். வெட்டிய ஓரத்தில் நோய் இருக்கிறதா, கீமோவில் கட்டி எவ்வளவு செத்திருக்கிறது என்று பார்ப்பார்கள், அடுத்த மருந்தை யோசிக்கும்போது அதையும் கணக்கில் எடுப்பார்கள். அதன் பிறகு குடும்பம் வாங்கி அடக்கம் செய்யலாமா, ஆஸ்பத்திரியே பார்த்துக்கொள்ளுமா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே வார்டு சிஸ்டரிடம் கேளுங்கள். முடிவைத் தம்பியிடம் விடுங்கள். சிலருக்கு அது முக்கியம், சிலர் அதைப் பற்றிப் பேசவே விரும்ப மாட்டார்கள்.

மீதி மூன்று வாரத்தில் செய்ய வேண்டிய வேலைகள் நிறைய. வலியை அடக்குவது முதல் வேலை. ஆபரேஷனுக்கு முன் கடும் வலியோடு இருந்தவர்களுக்குப் பின்னால் 'இல்லாத கால் வலி' அதிகம் வருகிறது. ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டாம், மருந்து போதவில்லை என்றால் போதவில்லை என்று சொல்லட்டும். அடுத்தது கைகள். இனி சில மாதம் உடம்பைத் தூக்கப் போவது தோளும் கையும்தான். கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் ஊன்றிப் பிட்டத்தைத் தூக்கி இறக்குவது, பத்துப் பத்தாகக் காலையிலும் மாலையிலும். மல்லாந்து படுத்து வலது காலை மட்டும் மடக்கி ஊன்றி இடுப்பைத் தூக்குவது. கீமோவுக்குப் பிறகு ரத்த அணு குறைந்திருக்கும் நாட்களில் இவையெல்லாம் வேண்டாம், கிளினிக்கில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

ஊன்றுகோலை இப்போதே வாங்கிப் பழகுவது நல்லது, இரண்டு காலும் இருக்கும்போது கற்றது மறக்காது. காலணி போட்டு நிற்க வைத்து, கோலின் மேல்முனை அக்குளுக்கு 5 சென்டிமீட்டர் கீழே இருக்கிறதா பாருங்கள், மூன்று விரல் நுழைய வேண்டும். கையைத் தொங்கவிட்டால் பிடி மணிக்கட்டு ரேகைக்கு நேராக இருக்க வேண்டும். எடை முழுவதும் உள்ளங்கையில் விழ வேண்டும். அக்குளில் தொங்கினால் அங்கே ஓடும் நரம்பு நசுங்கி, மணிக்கட்டைத் தூக்க முடியாமல் போகும். களைத்துப்போன இளைஞர்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது. அடியில் உள்ள ரப்பர் குமிழின் வரிகள் தேய்ந்தால் உடனே மாற்றுங்கள். ரப்பர் தேய்மானத்தைப் பற்றித் தோட்டத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி வீடு. இரண்டு படி என்கிறீர்கள். ஒரு படி 15 சென்டிமீட்டர் என்று வைத்தால் மொத்தம் 30. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போட வேண்டுமென்றால் ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம், அதாவது 3.6 மீட்டர். லயத்துப் பின்கட்டில் அவ்வளவு இடம் இருக்காது. இடத்துக்கு ஏற்றபடி செங்குத்தாக ஒரு பலகையைச் சாய்த்து வைக்கிறார்களே, அது மழை நாளில் படியைவிட மோசம். என் யோசனை: முதல் இரண்டு மூன்று மாதத்துக்குப் பின்பக்கக் கழிவறையை மறந்துவிடுங்கள். நடுவில் திறப்புள்ள, வாளி வைத்த கமோட் நாற்காலி ஒன்று வாங்கிப் படுக்கைக்குப் பக்கத்தில் திரை கட்டி வையுங்கள். பின்னால் நன்றாக நடமாட ஆரம்பித்ததும், வாளியை எடுத்துவிட்டு அதே நாற்காலியைக் குந்தும் கழிவறையின் மேல் வைத்துக்கொள்ளலாம். ஒற்றைக் காலில் குந்தி எழுவது ஆகாத காரியம், முயற்சிகூட வேண்டாம். குளிக்கவும் நாற்காலி வேண்டும். கால்கள் வளையும் பிளாஸ்டிக் நாற்காலி ஈரத் தரையில் விரிந்துகொள்ளும், ரப்பர் அடியுள்ள உலோக நாற்காலியே சரி.

படியின் இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி தேவை. செங்கல் சுவர் என்றால் விரிவு போல்ட் போட்டு இறுக்கலாம். பலகைச் சுவர் என்றால் பின்னால் குறுக்குச் சட்டம் அடிக்காமல் கம்பி நிற்காது. துண்டு காயப்போடும் கம்பியைப் பிடித்து விழுந்தவர்கள் ஏராளம். வீடு தோட்டத்துடையது என்பதால், ஆஸ்பத்திரியில் ஒரு கடிதம் வாங்கித் தோட்ட ஆபீசில் எழுத்தரான கிராணியிடம் கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். சில நிர்வாகங்கள் தங்கள் ஆட்களையே அனுப்பிச் செய்து தரும். சக்கர நாற்காலி வாங்குவதற்கு முன் வாசல்களை அளந்து பாருங்கள். கதவைத் திறந்து வைத்து, இரு நிலைக்கும் நடுவில் உண்மையில் கிடைக்கும் இடத்தை அளக்க வேண்டும். சாதாரணச் சக்கர நாற்காலி 62 முதல் 66 சென்டிமீட்டர் அகலம் வரும், தள்ளுகிற கைக்கும் இடம் வேண்டும். போதாவிட்டால் கதவைக் கழற்றித் திரை போட்டால் நாலைந்து சென்டிமீட்டர் கூடும். இன்னொன்று: ஒரு கால் இல்லாதபோது உடம்பின் எடை பின்னால் நகரும், நாற்காலி மல்லாந்துவிடும். பின்பக்கம் கவிழாமல் தடுக்கும் சின்னச் சக்கரம் உள்ளதாகக் கேளுங்கள்.

பாய் விரித்துத் தரையில் படுக்கும் பழக்கம் என்றால் கட்டில் வாங்கியாக வேண்டும். உட்கார்ந்தால் வலது பாதம் தரையில் முழுதாகப் பதியும் உயரம், மெத்தை கெட்டியாக. வலது பக்கமாக இறங்கும்படி கட்டிலைப் போடுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் முதல் விபத்து எப்போது நடக்கும் என்று கேட்டால் சொல்லிவிடலாம்: அதிகாலை, அரைத் தூக்கத்தில், சிறுநீர் கழிக்க எழும்போது. மூளைக்குள் இடது கால் இன்னும் இருக்கிறது. அது தரையில் ஊன்றுகிறது. அங்கே கால் இல்லை. வெட்டிய நுனி நேராகச் சிமெண்டில் மோதித் தையல் பிரிந்தால் மறுபடியும் ஆபரேஷன் அறைதான். ஆகவே சிறுநீர்ப் பாட்டில் கைக்கெட்டும் இடத்தில், ராத்திரி முழுக்க ஒரு சின்ன விளக்கு, இறங்கும் பக்கத்தில் கட்டிலை ஒட்டினாற்போலப் பிரேக் போட்ட சக்கர நாற்காலி. எழுந்தவுடன் கை அதில் இடிக்க வேண்டும், அந்த இடிதான் அவரை முழுதாக எழுப்பும். கால்மிதி, பாய் எல்லாவற்றையும் சுருட்டி எடுத்துவிடுங்கள். முதல் சில வாரம் யாராவது ஒருவர் அதே அறையில் படுங்கள்.

வார்டில் அம்மா பாசத்தில் செய்யப்போகும் ஒரு தப்பைச் சொல்லிவைக்கிறேன். வெட்டிய தொடையின் கீழே தலையணை வைப்பார், அப்போதைக்கு இதமாக இருக்கும். ஆனால் தொடை மடங்கியபடியே இடுப்பு மூட்டின் தசைகள் இறுகிவிடும். அப்படி இறுகிய இடுப்புக்குச் செயற்கைக்கால் மாட்டினால் நிமிர்ந்து நிற்க முடியாது. தொடையின் கீழேயும் வேண்டாம், இரண்டு தொடைக்கும் நடுவிலும் வேண்டாம். டாக்டர் சம்மதித்ததும் குப்புறப் படுக்க வேண்டும், 15 முதல் 20 நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று தடவை. நாள் முழுக்கச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசி பார்ப்பதும் தலையணை வைப்பது போலத்தான்.

கட்டுப் போடுவது நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டிய கைவேலை. காயம் ஆறிவரும் தொடை வீங்கும். வீக்கத்தை வடித்து நுனியைக் கூம்பு போலக் கொண்டுவருவதற்குத்தான் இந்த எலாஸ்டிக் கட்டு. 15 சென்டிமீட்டர் அகலத்தில் குறைந்தது நாலு சுருள் வாங்குங்கள், தொடைக்கு ஒரு தடவைக்கு இரண்டு பிடிக்கும், இரண்டு துவைத்துக் காயும். பிசியோ முதல் கட்டைப் போட்டுக் காட்டுவார். பார்த்துக்கொண்டு மட்டும் நிற்காமல் அவர் முன்னாலேயே நீங்களும் தம்பியும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். முதலில் முன்தொடையிலிருந்து நுனியைச் சுற்றிப் பின்பக்கமாக நெடுக்கில் ஒரு மடிப்பு, அது நழுவாமல் ஒரு சுற்று. பிறகு எல்லாம் குறுக்காக, எட்டுப் போடுவது போல. நுனியில் இறுக்கம், மேலே போகப் போகத் தளர்வு. நேர்வட்டமாக மட்டும் சுற்றவே கூடாது. அது கயிறு கட்டியது போல நடுவில் நெரித்து, நுனியில் வீக்கத்தைச் சேர்த்துவிடும். உள்தொடையில் கவட்டை வரைக்கும் ஏற்றிக் கட்டாவிட்டால் அங்கே சதை பிதுங்கித் தடித்துப்போகும், பின்னாளில் செயற்கைக்காலின் விளிம்பு அதைத்தான் உரசிப் புண்ணாக்கும். கடைசியாக இடுப்பைச் சுற்றி ஒரு சுற்று, இல்லாவிட்டால் தொடைக் கட்டு பத்து நிமிடத்தில் கழன்றுவிடும். கூடவே வரும் உலோகக் கொக்கியைத் தூக்கிப்போட்டுவிட்டு ஒட்டும் நாடா போடுங்கள். நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அவிழ்த்துத் தோலைப் பார்த்து மறுபடி கட்ட வேண்டும். விண்விண் என்று தெறித்தால் இறுக்கம் அதிகம், உடனே அவிழ்த்துவிடுங்கள்.

முதல் தடவை காயத்தை அவிழ்க்கும்போது அருகில் இருக்க வேண்டுமா என்று தம்பியையே கேளுங்கள். இருந்தால் முகத்தைத் திருப்பாதீர்கள். காயத்தைப் பார்ப்பதற்கு முன் அவர் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்.

இல்லாத கால் இருப்பது போலத் தோன்றுவது ஏறக்குறைய எல்லோருக்கும் நடக்கும். பாதம் அரிக்கும், விரல்கள் மடங்கி இறுகியது போல இருக்கும். பலருக்கு அது வலியாகவும் வரும், எரிச்சல், ஷாக் அடித்தது போல. இது மனப்பிரமை இல்லை, பேய்க்கோளாறும் இல்லை. காலுக்கென்று மூளையில் ஒதுக்கிய இடம் காலியானாலும் அங்கே வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. "கால்தான் இல்லையே, எப்படி வலிக்கும்" என்று வீட்டில் ஒருவர்கூடக் கேட்கக் கூடாது. கேட்டால் அடுத்த தடவை சொல்ல மாட்டார். சாதாரண வலி மாத்திரை இதற்கு அதிகம் கேட்காது. காபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் போன்ற நரம்பு வலி மருந்துகள் உண்டு, டாக்டர் தொடங்கி மெல்ல ஏற்றுவார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் கொண்டுவந்த கண்ணாடி முறையும் உண்டு. ஆள் நீளத்தில் பாதி இருக்கும் ஒரு நிலைக்கண்ணாடியைக் கால்களுக்கு நடுவில் நெடுக்கில் வைத்து, வலது காலின் பிம்பம் இடது கால் இருக்க வேண்டிய இடத்தில் தெரியும்படி உட்கார வேண்டும். வலது பாதத்தை மெதுவாக விரித்து மடக்கினால், இறுகிக் கிடந்த 'இடது விரல்கள்' தளர்வதாகச் சிலருக்குத் தோன்றும். தினமும் 15 நிமிடம், நாலு வாரம். எல்லோருக்கும் பலிக்காது. தலைசுற்றினாலோ மனம் கலங்கினாலோ நிறுத்திவிடலாம். கடையில் விற்கும் விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை, அலமாரிக் கண்ணாடி போதும்.

காயம் ஆறியதும் கீமோ மறுபடி தொடங்கும். அப்போது தம்பி ஒன்று சொல்லக்கூடும்: "கால்தான் எடுத்தாச்சே, இனிமே எதுக்கு?" இதற்குப் பதிலைத் தயாராக வைத்திருங்கள். 1970களுக்கு முன், கீமோ இல்லாமல் காலை மட்டும் எடுத்த காலத்தில், பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டில் நுரையீரலில் நோய் தலைகாட்டியது. ஸ்கேனில் தெரியாத அளவுக்குச் சின்னத் துணுக்குகள் முன்பே ரத்தத்தில் போயிருக்கும். காலை எடுத்தது கட்டிக்கு, கீமோ அந்தத் துணுக்குகளுக்கு. "இந்த ஆபரேஷனோட எல்லாம் முடிஞ்சிடும்" என்று இன்றைக்கு நீங்கள் வாக்குக் கொடுத்தால், அன்றைக்கு அவர் உங்களை நம்ப மாட்டார்.

கீமோ நாட்களில் உடம்பு 38 டிகிரி காட்டினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், பனடோல் கொடுத்து அமுக்கவும் வேண்டாம், நேராக அவசரப் பிரிவு. கீமோ அட்டையைக் காட்டுங்கள். அரைவேக்காட்டு முட்டை, வெட்டி வைத்து விற்கும் பழம் இரண்டும் அப்போது வேண்டாம். சிஸ்பிளாட்டின் விரல் நுனிகளையும் மிச்சமிருக்கும் பாதத்தையும் மரக்கச் செய்யலாம். மரத்த கையில் ஊன்றுகோல் நழுவும். ஆகவே வலது பாதத்தைத் தினமும் பாருங்கள், இனி அது இரண்டு காலின் வேலையைச் செய்கிறது.

செயற்கைக்காலுக்கு அவசரப்பட வேண்டாம். வார்டுக்கே வந்து விற்பனை அட்டையை நீட்டுகிறவர்கள் உண்டு. கீமோவில் எடை ஏறும் இறங்கும், தொடையும் மாதக் கணக்கில் சுருங்கும். செயற்கைக்காலில் தொடை நுழையும் குழியை இன்றைய அளவுக்குச் செய்தால் அது சில வாரத்தில் தொளதொளவென்று ஆடும், பணம் ஆயிரக்கணக்கில் போயிருக்கும். எப்போது அளவெடுப்பது என்பதை மறுவாழ்வுப் பிரிவு சொல்லும். அதுவரை காசு சேருங்கள். ஆஸ்பத்திரியின் சமூகப்பணி அதிகாரியை ஆபரேஷனுக்கு முன்பே பாருங்கள். சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதி, மக்னா எனப்படும் தேசியப் புற்றுநோய் மன்றம், சமூக நல இலாகாவின் செயற்கை உறுப்பு உதவி எல்லாவற்றுக்கும் வழி அங்கேதான் தொடங்குகிறது. மாற்றுத்திறனாளி அட்டைக்கான பாரத்தில் டாக்டர் நிரப்ப வேண்டிய பக்கத்தை வீட்டுக்கு வருவதற்கு முன் வார்டிலேயே வாங்கிவிடுங்கள். பிறகு அதற்கென்று ஒரு நாள் லீவு போட்டு ஈப்போவுக்கு அலைய வேண்டாம். நீங்கள் வேலை செய்கிறவர், உங்கள் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கணக்கிலிருந்து உடன்பிறப்பின் கடும் நோய்ச் சிகிச்சைக்கும் உதவிக் கருவிகளுக்கும் பணம் எடுக்க விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. ரசீது ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் தம்பியின் படத்தைப் போட்டு உதவி கேட்பதாக இருந்தால், அவர் சம்மதம் இல்லாமல் ஒரு படம்கூடப் போகக் கூடாது.

என்ன பேசுவது என்றீர்கள். என்ன பேசக் கூடாது என்பது சுலபம். "கால் போனா என்ன, உயிர் இருக்குல்ல" என்பது உண்மைதான், ஆனால் அதைச் சொல்லும் உரிமை அவருக்கு மட்டும். "எந்த ஜென்மத்துப் பாவமோ" என்று வரும் பெரியம்மாக்களை வாசல் அஞ்சடியிலேயே நிறுத்திக் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள். டெர்ரி ஃபாக்ஸ் கதையை அனுப்புகிறவர்களும் வருவார்கள். இதே நோயில் 1977இல் காலை இழந்து, 1980இல் செயற்கைக்காலோடு கனடாவைக் குறுக்காக ஓடக் கிளம்பியவர். பெரிய மனிதர். ஆனால் நோய் நுரையீரலுக்குப் போய் 1981இல் இறந்தார் என்பதை உங்கள் தம்பி கைப்பேசியில் அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். அதைவிட, முழங்காலுக்கு மேல் செயற்கைக்கால் போட்டு வேலைக்குப் போய் வரும் ஓர் இளைஞரைச் சந்திக்க முடியுமா என்று பிசியோவிடம் கேளுங்கள். அவரிடம் தம்பி கேட்கும் கேள்விகள் உங்களிடம் கேட்கவே மாட்டார். மோட்டார் ஓட்டுவது பற்றிக் கேட்டால், ஆட்டோ கியர் காருக்கு இடது கால் தேவையில்லை, ஜேபிஜே எனும் சாலைப் போக்குவரத்து இலாகாவில் அதற்கென்று உரிமப் பிரிவு இருக்கிறது என்று சொல்லுங்கள். கோபப்படுவார், கத்துவார், அதைத் தாங்கிக்கொள்ளலாம். சாப்பிடாமல், தூங்காமல், யாரிடமும் பேசாமல் இரண்டு வாரம் போனாலோ, வாழப் பிடிக்கவில்லை என்றாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவித் தொலைபேசியான ஹீல் எண் 15555.

பூட்ஸை ஒளிக்காதீர்கள். எங்கே வைக்கட்டும் என்று அவரிடமே கேளுங்கள். ஆனால் வார்டுக்கு அது உதவாது, அடியில் குமிழ் உள்ள பூட்ஸ் வழுவழுத் தரையில் வழுக்கும். தட்டையான அடியும் கயிறும் உள்ள கேன்வாஸ் காலணி ஒரு ஜோடி வாங்கி, வலது காலுக்கானதை ஆஸ்பத்திரிப் பையில் வையுங்கள். ஆபரேஷன் முடிந்து ஓரிரு நாளில் பிசியோ எழுப்பி நிற்க வைப்பார், வெறுங்காலோடும் சிலிப்பரோடும் நிற்கக் கூடாது. இடது காலணியை எறிந்துவிடாதீர்கள். செயற்கைக்கால் பொருத்தும் நாளில் ஜோடியாகக் கொண்டுவரச் சொல்வார்கள், அதன் குதி உயரத்துக்குத்தான் பாதத்தைச் சரிசெய்வார்கள்.